நடு ஸ்பீக்கர்: உண்டு

ஒலி ஒரே திசையிலிருந்து வந்தால் அது வெறும் சத்தம். ஐந்து திசைகளிலிருந்து வந்தால் அது நாகரிகம். உலகம் இந்த உண்மையைப் பெரும் பொருட்செலவில் கண்டறிந்தது. அதையே ஏறக்குறையச் செலவே இல்லாமல் கண்டறிந்த பெருமை, பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் ஒருவரையே சேரும். அவர் வீட்டுக் கூடத்தில் நிகழ்ந்த அந்தச் சாதனையை வருங்காலச் சந்ததி மறந்துவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இது எழுதப்படுகிறது.

பணியமைப்புப் பிரிவு என்பது ஓர் அலுவலகத்தில் எத்தனை பதவிகள் உண்டு, அவற்றில் எவை காலி, காலியான நாற்காலியின் வேலையை யார் தலையில் கட்டுவது என்று முடிவு செய்யும் புனிதமான இடம். கண்காணிப்பாளர் அதில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஆளே இல்லாமல் ஒரு பிரிவை நடத்திக் காட்டச் சொன்னால் நடத்திக் காட்டுவார். அந்தப் பிரிவுக்கு வரும் பொதுமக்கள்தான் சற்று மெலிந்துபோவார்கள்.

அவருடைய மனைவி ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றாள். காலமெல்லாம் மற்றவர்கள் பேசுவதற்கு இணைப்புக் கொடுத்தவள். நள்ளிரவில் பதறியடித்துக் கூப்பிடும் நோயாளிகளின் உறவினர்களுக்கு அவளுடைய "சொல்லுங்க, கேக்கிறேன்" என்ற குரலைக் கேட்ட பிறகுதான் மூச்சே வரும். அப்படிப்பட்டவளைப் பணி நிறைவு விழாவில் முதல்முறையாக மேடையேற்றி, மைக்கின் முன் நிறுத்தி, பேசச் சொன்னார்கள். பேசினாள். விழாவைப் படம் பிடித்து, அந்த டிவிடியையே அன்பளிப்பாகவும் கொடுத்தார்கள்.

விழாவுக்குக் கண்காணிப்பாளர் போகவில்லை. போக முடியவில்லை என்பதே சரி. அன்று அவருடைய அலுவலகத்தில் "ஊழியர் குறைகேட்பு நாள்". குறை சொல்ல ஒருவரும் வரவில்லை. வந்தால் என்ன நடக்கும் என்று அனைவருக்கும் தெரியும். ஆனாலும் கடமை கடமைதானே? மாலைவரை காதைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

அதனால் மனைவிக்கு ஒரே ஓர் ஆசை. தான் பேசியதை அவர் கேட்க வேண்டும். டிவிடியை அவர் கையில் கொடுத்து, "டிவியிலயே போட்டுக் கேட்டுடலாங்க, கொஞ்ச நேரந்தான்" என்றாள்.

கண்காணிப்பாளருக்கு மனம் புண்பட்டுவிட்டது. "உன் பேச்சையா? இந்த டிவியோட ஓட்டை ஸ்பீக்கர்லயா? உன் பேச்சுக்குன்னு ஒரு மரியாதை வேண்டாமா?"

அந்த மரியாதையை உருவாக்கும் பணி மறுநாளே தொடங்கியது. மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, "தொழில்நுட்ப ஆலோசகர்" என்ற கௌரவப் பதவியில் அமர்த்தப்பட்டான். சம்பளம் கிடையாது; சாப்பாடு உண்டு. அவன் அந்தப் பதவிக்குத் தகுதியானவன்தான். தன் வீட்டு மிக்ஸியை ஒருமுறை கழற்றியிருக்கிறான். மாட்டவில்லை, அது வேறு விஷயம்.

சிக்கனமே கொள்கை என்பதால் புதிதாக எதுவும் வாங்குவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானமாயிற்று. மச்சினனின் செத்துப்போன கம்ப்யூட்டருக்குச் சொந்தமான இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள் முன்பக்கத்துக்கு நியமிக்கப்பட்டன. பரணில் தூங்கிக்கொண்டிருந்த பழைய டேப் ரெக்கார்டரின் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் பின்பக்கத்துக்கு மாற்றல் செய்யப்பட்டன. அவற்றில் ஒன்றுக்கு ஃபிரிட்ஜின் தலையிலும் மற்றொன்றுக்குச் செருப்பு அலமாரியிலும் இடம் ஒதுக்கப்பட்டது. அடித்தொண்டையில் உறுமும் பெரிய பெட்டி, இழுத்து மூடப்பட்ட ஓர் உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து வந்தது. ஆம்ப்ளிஃபயர் ஒன்று மட்டும் பழைய சாமான் கடையில் வாங்க வேண்டியதாயிற்று.

அங்கேதான் கடைக்காரர் ஆசை காட்டினார். நடுவில் வைப்பதற்கென்றே தனியாக ஒரு ஸ்பீக்கர் உண்டாம், டிவிக்கு நேர் கீழே வைக்க வேண்டுமாம். "அதையும் எடுத்துக்குங்க சார். பேச்செல்லாம் அதுலதான் வரும்" என்றார்.

கண்காணிப்பாளர் புன்னகைத்தார். எத்தனை பிரிவுகளிலிருந்து எத்தனை பேர் இப்படி ஆள் கேட்டு வந்திருப்பார்கள்! "இடது பக்கம் ஒருத்தர் இருக்கார், வலது பக்கம் ஒருத்தர் இருக்கார். ரெண்டு பேருக்கும் நடுவுல மூணாவது ஆள் எதுக்கு? அந்த வேலைய இடதுகிட்ட கூடுதல் பொறுப்பா கொடுத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தார். அவர் போன திசையைக் கடைக்காரர் வாசல்வரை வந்து பார்த்தார். நிர்வாகம் தெரிந்தவரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை போலும்.

வயருக்கும் செலவு செய்யவில்லை. வாசல் அழைப்பு மணியின் வயர் "பொதுநலன் கருதி" கழற்றப்பட்டது. மணி இல்லாவிட்டால் வருகிறவர்கள் கூப்பிட்டுக்கொள்வார்கள், வாய் இருக்கிறது. அந்த வயர் கூடத்திலிருந்து சமையலறை வாசலைக் கடந்து ஃபிரிட்ஜுக்குப் போயிற்று. மனைவி ஒவ்வொரு முறை சமையலறைக்குள் நுழையும்போதும் காலைத் தூக்கி வைக்க வேண்டும். இரண்டு முறை தடுக்கி, ஒரு முறை பால் பாத்திரத்தோடு விழுந்தாள். உடற்பயிற்சிக்கு உடற்பயிற்சியும் ஆயிற்று என்று மச்சினன் சொன்னான்.

நாள்கள் ஓடின. டிவிடி உறை பிரிக்கப்படாமல் அலமாரியில் இருந்தது. மனைவி அவ்வப்போது அதை எடுத்துத் துடைத்து வைப்பாள். ஒரு நாள் சாப்பிடும்போது, "அன்னைக்கு மேடையில எனக்குப் பேச்சே வரலைங்க, அப்புறம்..." என்று ஆரம்பித்தாள்.

கண்காணிப்பாளர் சட்டென்று கையை உயர்த்தினார். "சொல்லிடாத. இப்பவே சொல்லிட்டா சுவாரஸ்யம் போயிடும். நான் நாலு பக்கமும் சரவுண்ட் சவுண்டுல கேட்டுக்கிறேன்."

மனைவி வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவு ஆர்வமாக இருக்கிறாரே என்று உள்ளுக்குள் சந்தோஷப்படவும் செய்தாள். பாவம், நல்ல மனசு.

கடைசிக் கட்டமாக, டிவிடி பிளேயரை ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்து உயிர் கொடுத்தார்கள். உடனே டிவியில் ஒரு பட்டியல் தோன்றி, என்னென்ன ஸ்பீக்கர்கள் இருக்கின்றன என்று விசாரித்தது. முன் ஸ்பீக்கர்? உண்டு. பின் ஸ்பீக்கர்? உண்டு. நடு ஸ்பீக்கர்? ரிமோட்டோடு மச்சினன் தயங்கினான். நமக்குத்தான் நடுவில் ஒன்றும் இல்லையே, "இல்லை" என்று போட்டுவிடலாமா என்று கேட்டான்.

கண்காணிப்பாளர் பதறிப்போனார். "அந்தக் காரியம் மட்டும் பண்ணிடாத. காலியா இருக்கிறது வேற, இல்லாம இருக்கிறது வேற. ஒரு பதவிய இல்லைன்னு ஒரு தடவை எழுதிக் கொடுத்துட்டா போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் திரும்ப வாங்க முடியாது. 'உண்டு'ன்னு போடு."

"ஆள் இல்லாமலா அத்தான்?"

"எங்க ஆபீஸ்ல பாதிப் பதவி அப்படித்தான் இருக்கு."

"உண்டு" என்று போடப்பட்டது. பிளேயர் அப்பாவி. மனிதர் சொன்னதை நம்பி, பேச்சு என்று எது வந்தாலும் அதைப் பத்திரமாகப் பிரித்தெடுத்து, இல்லாத ஸ்பீக்கருக்கு அனுப்பிவைக்கத் தயாராயிற்று. மச்சினன் கொண்டுவந்திருந்த மாதிரி டிவிடியைப் போட்டுப் பார்த்தார்கள். செருப்பு அலமாரியில் மழை பெய்தது. ஃபிரிட்ஜிலிருந்து ரயில் கிளம்பிக் கூடத்தைக் கடந்து பாத்ரூம் பக்கம் போயிற்று. கண்காணிப்பாளருக்குப் புல்லரித்தது. மழையும் ரயிலும் வசனம் பேசுவதில்லை என்பதால் சோதனை முழு வெற்றி என்று அறிவிக்கப்பட்டது.

தொடக்க விழாவுக்குப் பக்கத்து வீட்டுக் கணக்கரும் அவர் மனைவியும் அழைக்கப்பட்டார்கள். வாசலில் நின்று இருவரும் நெடுநேரம் கூப்பிட்டார்கள். உள்ளே ரயில் ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் பின்பக்கமாகச் சுற்றி வந்து, சமையலறை வாசலில் வயரைத் தாண்டிக் குதித்து, கூடத்தில் அமர்ந்தார்கள்.

மனைவி நல்ல புடவையாக எடுத்துக் கட்டியிருந்தாள். தேநீர்த் தட்டோடு சமையலறை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தன் பேச்சைத் தானே உட்கார்ந்து கேட்பதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் பார்வை முழுக்கக் கணவரின் முகத்தில்தான்.

கண்காணிப்பாளர் சுருக்கமாக உரையாற்றினார். கொள்கை, திட்டமிடல், சிக்கனம், மச்சினனின் ஒத்துழைப்பு ஆகியவற்றுக்கு அதில் உரிய இடம் கிடைத்தது. பிறகு பொத்தானை அழுத்தினார்.

திரையில் மனைவி மேடையேறினாள். மைக் கீச்சென்று கத்தியது. அந்தக் கீச்சு நாலு பக்கமும் சுற்றி வந்தது. பின்னாலிருந்து கைதட்டல் கிளம்பியபோது கணக்கர் திடுக்கிட்டுத் திரும்பி, யார் தட்டுவது என்று பார்த்தார். ஃபிரிட்ஜ் உச்சியில் ஒருவர் இருமினார். "யாருக்கோ நெஞ்சுல சளி கட்டியிருக்கு" என்று கணக்கரின் மனைவி இரக்கப்பட்டாள். திரையில் மனைவியின் உதடுகள் அசைந்தன. கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், மடித்து வைத்தாள், நேராக நிமிர்ந்து பேசினாள். நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செருப்பு அலமாரி சிரித்தது. பெரிய பெட்டி உறுமியது. மீண்டும் கைதட்டல், இந்த முறை வீடே இடிந்துவிழுவதுபோல. அவ்வளவுதான், அவள் கும்பிட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

"பிரமாதம்" என்றார் கணக்கர். விழாவில் யாரோ நாற்காலியை நகர்த்திய சத்தம் தன் காலடியிலேயே கேட்டதாகச் சாட்சி சொன்னார். மச்சினன் அந்த இருமலை மட்டும் இன்னொரு முறை போட்டுக் காட்டினான். கண்காணிப்பாளர் ஆம்ப்ளிஃபயரைத் தட்டிக்கொடுத்து, "இதுக்குத்தான், இதுக்குத்தான் இவ்வளவு பாடுபட்டேன்" என்றார்.

மனைவி தட்டைக் கீழே வைத்தாள். "நான் பேசினது எப்படி இருந்துச்சு?"

"பேச்சும் பிரமாதம்மா" என்றார் கணக்கர்.

"என்ன பேசினேன்?"

கணக்கர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் உறுமும் பெட்டியைப் பார்த்தாள். மச்சினன்தான் சமாளித்தான். "அக்கா, அந்தக் கைதட்டலே சொல்லுதே, நல்லாத்தான் பேசியிருக்கே."

அப்போதுதான் கண்காணிப்பாளருக்கு ஏதோ குறைகிறது என்று உறைத்தது. குறைகேட்பதில் அனுபவசாலி அல்லவா? டிவிடியை மறுபடி போட்டார். உதடுகள் அசைந்தன, இருமல் வந்தது, பேச்சு வரவில்லை. உடனே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு டிவி மேஜைக்கு அடியில் புகுந்தார். வெளியே அவருடைய இரண்டு பாதங்கள் மட்டுமே தெரிந்தன. இடது ஸ்பீக்கர் கூடுதல் பொறுப்பை ஏற்க மறுக்கிறதோ என்ற சந்தேகத்தை உள்ளிருந்தே வெளியிட்டார்.

மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாள் காத்திருந்த பிறகு ஒரு வயருக்காக இன்னும் காத்திருப்பதா? டிவியை அணைத்தாள். அதன் பக்கத்தில் போய் நின்றாள். கணக்கரும் அவர் மனைவியும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள். ஸ்பீக்கர் எதுவும் இல்லாமலேயே கூடம் முழுக்கக் கேட்கும் குரலில் தன் பேச்சை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. அடுத்தவங்க பேசறதுக்கு லைன் போட்டுக் கொடுத்துத்தான் பழக்கம். எத்தனையோ பேர் அழுதுகிட்டே கூப்பிட்டிருக்காங்க. நான் வைத்தியம் பண்ணல. கேட்டேன், அவ்வளவுதான். யாராவது கேட்டாலே மனுஷனுக்குப் பாதி வலி போயிடும். இன்னைக்கு நான் பேசறேன். என் வீட்டுக்காரரால வர முடியல. பரவாயில்ல, அவர் வீட்டுல உக்காந்து, நான் பேசறத ஒரு வார்த்தை விடாம..."

மேஜைக்கு அடியிலிருந்து கண்காணிப்பாளரின் குரல் வந்தது.

"கொஞ்ச நேரம் பேசாம இருக்கியா? உன் குரல் ஏன் கேக்கலைன்னு நான் கண்டுபிடிக்க வேண்டாமா?"