புளியறையில் நின்றவன்

மனு வந்தால் மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும். ஒரு மாதத்தில் பதில் தர வேண்டும். பதில் தர இயலாவிட்டால், ஏன் இயலவில்லை என்பதையாவது தெரிவிக்க வேண்டும். இதுதான் விதி. முப்பத்து மூன்று வருடம் இந்த விதியை அலுவலகத்தில் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியவன் நான். (பின்பற்றினேனா என்று கேட்காதீர்கள். ஓய்வூதியம் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது.) அந்த விதியை உண்மையிலேயே நம்பியது ஓய்வு பெற்ற பிறகுதான். அந்த நம்பிக்கையால் எங்கள் வீட்டு நாய் சாகப் பார்த்தது.

நான் ஓய்வு பெற்ற மாதமே, மகள் கோமதி கேரளத்துப் புனலூரிலுள்ள தன் கணவர் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பொமரேனியன் குட்டியைக் கொண்டுவந்து மேலகரத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். "அப்பாவுக்கு யாரையாவது அதட்டிக்கிட்டே இருக்கணும்லா. இதை அதட்டட்டும்" என்றாள். என் மனைவி செண்பகம் அதற்குப் பூந்தி என்று பெயர் வைத்தாள். நான் 'பூந்தி, பொது' என்று ஒரு கோப்பு திறந்தேன். முதல் வாரமே அது என் ஸ்டாம்பு மையை நக்கி, மூன்று நாள் ஊதா வாயோடு திரிந்தது. சாரல் காலத்தில் ஐந்தருவிப் பக்கம் கூட்டிப் போனால், குரங்கைக் கண்டதும் என் வேட்டிக்குள் புகுந்துகொண்டு அங்கிருந்து வீரமாகக் குரைக்கும். குளிக்க வந்த கூட்டம், குரைப்பது நான்தான் என்று திரும்பிப் பார்க்கும்.

பூந்திக்கு ஒரு வயதானபோது தென்காசி கால்நடை மருத்துவர், "குட்டி போட வேண்டாம்னா கருத்தடை பண்ணிருங்க சார். பின்னால கர்ப்பப்பையில நோவு வராது" என்றார். செய்திருக்கலாம். நான் வீட்டுக்கு வந்து மனு எழுதினேன். வீட்டில் வளர்க்கும் பெண் நாய்க்குக் கருத்தடை செய்ய முன் அனுமதி தேவையா? தேவையெனில் படிவம் எது? தேவையில்லையெனில், தேவையில்லை என்று சொல்லும் ஆணை எது? பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். எந்த அலுவலகத்துக்கு என்று சொல்ல மாட்டேன். தொழில் தர்மம்.

பதில் வரவில்லை. வருடத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன்.

"ஆபரேசன் பண்ணுவமா மாட்டமா?" என்பாள் செண்பகம்.

"பதில் வரட்டும்" என்பேன்.

இப்படியே எட்டு வருடம் போயிற்று. பூந்திக்கு ஒன்பது வயது.

அந்த ஆடி மாதம் பூந்தி சாப்பாட்டை நிறுத்திவிட்டு, கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது. வயிறு உப்பிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்கவே இல்லை. தென்காசி மருத்துவரை வீட்டிலேயே போய்ப் பிடித்தோம். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் செண்பகத்திடம் சொன்னார்.

"கர்ப்பப்பையில சீழ் கோத்திருக்கும்மா. இன்னைக்கே எடுக்கணும். விட்டா உள்ளேயே வெடிச்சிரும். ஆனா நெஞ்சுல ஒரு சத்தம் கேக்கு, மயக்க மருந்து தாங்குமான்னு உறுதி சொல்ல முடியாது. எங்கிட்ட அதுக்கான வசதி இல்ல."

கோமதிக்குப் போன் போட்டோம். புனலூரில் அவளுக்குத் தெரிந்த டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமையும் பார்ப்பாராம். மதியத்துக்குள் வரச் சொன்னார். மாரியப்பனின் வாடகைக் காரைப் பிடித்தோம். செண்பகம் மடியில் பூந்தி. என் மடியில் கோப்பு.

செங்கோட்டை தாண்டியதும் எனக்குள் இருந்த அலுவலகம் விழித்துக்கொண்டது. மாநில எல்லை. நோயுற்ற விலங்கு. ஆவணம்? புளியறைச் சோதனைச் சாவடியில், "நிறுத்துப்பா" என்றேன்.

"யாரும் நம்மளை நிறுத்தலியே சார்" என்றார் மாரியப்பன்.

"அதனால்தான் நாமே நிறுத்தணும்."

அங்கே கேரளாவிலிருந்து திரும்பி வரும் கோழி லாரிகளின் சக்கரங்களுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். பறவைக் காய்ச்சல் பயம். நான் லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்று, மேசையில் இருந்தவரிடம் தடுப்பூசி அட்டையை நீட்டினேன்.

"என்ன சார் இது?"

"நாய். சிகிச்சைக்காக எல்லை கடக்கிறது. பதிவு செய்துகொண்டு ஒப்புகை தாருங்கள்."

அவர் பொறுமைசாலி. "சார், நாங்க அங்கன இருந்து வாறதைத்தான் பாப்போம். இங்கன இருந்து போறதைப் பாக்குறதில்ல. அதுவும் நாயி. நீங்க போங்க."

"போகலாம் என்பதை எழுத்தில் தர முடியுமா?"

பின்னால் நின்ற லாரிக்காரர் ஒருவர், "அண்ணாச்சி, நாய்க்குப் பாஸ்போர்ட் எடுக்கியளா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேசையில் இருந்த பதிவேட்டில் மாடு, ஆடு, பன்றி, கோழிக்கெல்லாம் பத்தி இருந்தது, நாய்க்கு இல்லை. 'இதர' என்று ஒரு பத்தி திறக்கலாம் என்று நான் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் மருந்து அடிப்பவர் ஒரு சக்கரத்தைத் தவறவிட்டு என் வேட்டியை நனைத்தார்.

செண்பகம் காரிலிருந்து இறங்கி வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சட்டத்துக்குப் பயப்படல. ஆஸ்பத்திரிக்குப் பயப்படுதிய. எட்டு வருசமா அதுக்குத்தான் பயப்படுதிய. நில்லுங்க. பதில் வாங்கிட்டு வாங்க."

திரும்பிப் போய்க் காரில் ஏறினாள். "வண்டிய எடு மாரியப்பா."

"சார் ஏறலியே ஆச்சி?"

"எடுலே!"

நாற்பது வருடத் திருமண வாழ்க்கையில் அவள் ஒருவரை 'லே' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். கார் போய்விட்டது. மேசைக்காரர் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, "ஒப்புகை வேணுமா சார்?" என்றார்.

என்னைக் கூட்டிப் போனவர், ரோட்டோரக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு கோழி லாரிக்காரர். இவர் கேரளாவுக்குச் சரக்கோடு போகிறவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "ஏறும், அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். ஆரியங்காவு மலைப்பாதையில் போனில் சிக்னல் இல்லை. பின்னால் ஆயிரம் கோழிகள் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தன. அவள் சொன்னது உண்மை. ஒரு வயதில் அந்தக் குட்டி மயக்க மருந்திலிருந்து எழாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தைத்தான் மூன்று கேள்விகளாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலையில் இறகு, வேட்டியில் மருந்து நாற்றம். வாசலில் இருந்த பெண், "சாரே, கோழி எவிடே?" என்று கேட்டாள்.

உள்ளே கோமதி சொன்னாள். டாக்டரம்மா இரண்டு வழி சொன்னாராம். ஆபரேஷன் செய்தால் இதயம் நின்றுபோகலாம். செய்யாமல் மருந்து மட்டும் கொடுத்தால் இரண்டு நாள் தாங்கலாம். செண்பகம் எனக்கு நாலு தடவை போன் செய்திருக்கிறாள். கிடைக்கவில்லை. பிறகு பூந்தியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, "செய்யுங்க" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.

அந்தப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். (படிவத்தைக் கண்டால் பார்க்காமல் இருக்க முடியாது.) வாழ்நாளில் எத்தனையோ ஆயிரம் கையெழுத்துப் போட்ட நான், போட வேண்டிய ஒன்றில் போடவில்லை. விலங்குக்கும் கையொப்பமிடுபவருக்கும் உள்ள உறவு என்ற இடத்தில் செண்பகம் தமிழில் எழுதியிருந்தாள்: அம்மா.

"இன்னும் அரை மணிக்கூர் கழிஞ்சிருந்தா கஷ்டம்" என்றார் டாக்டரம்மா. நான் புளியறையில் நின்றதும் ஏறக்குறைய அரை மணிநேரம்தான். என்னை விட்டுவிட்டுப் போன மனைவிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எந்தக் கையேட்டிலும் இல்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் தலையிலிருந்து இறகை எடுத்துப் போட்டாள்.

இப்போது பூந்திக்குப் பதின்மூன்று. கண் மங்கிவிட்டது. காலையும் மாலையும் இதயத்துக்கு அரை மாத்திரை. இந்தச் சாரலில் காலோரம் ஒரு கட்டி தெரிந்தது. வெட்டி எடுக்கவா என்று தென்காசி மருத்துவர் கேட்டு வாய் மூடுவதற்குள், "வேண்டாம் டாக்டர். வலி தெரியாம மட்டும் பாத்துக்கிடுங்க" என்றேன்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "யாருகிட்ட கேட்டிய?"

"பூந்திகிட்ட."

எங்கள் குடும்பத்தில் இன்று யார் தயங்கினாலும் அதற்கு ஒரே பெயர்தான். துணிக்கடையில் கோமதி இரண்டு சேலைகளுக்கு நடுவே விழித்தால், மருமகன் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று திகைத்தால், "என்ன, புளியறையில நிக்கியளா?" என்பார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். பூந்தியும் திரும்பும். பழக்கம்.

மனுவுக்குப் பதில் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. ஆபரேஷன் முடிந்து பத்து நாள் கழித்து, புனலூரிலிருந்து பூந்தியைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வீட்டுக்குத் திரும்பிய மதியம், கதவிடுக்கில் கிடந்தது. 'பார்வையில் காணும் தங்கள் மனு தொடர்பாக, இப்பொருள் குறித்து முன் அனுமதி ஏதும் தேவையில்லை எனத் தெரிவிக்கலாகிறது.' குறை சொல்ல முடியாத வாக்கியம். நானே எழுதியிருப்பேன்.

எந்தக் கடிதம் வந்தாலும் ஓரத்தில் பெறப்பட்ட நாளைக் குறிப்பது என் வழக்கம். பேனாவை எடுத்தேன். செண்பகம் அதை என் கையிலிருந்து வாங்கி, தானே எழுதினாள்: 'பெறப்பட்ட நாள்: பூந்திக்குத் தையல் பிரிச்ச அன்னைக்கு.'