கரடியார் வைத்த கல்வெட்டு

ஒரு காட்டில் ஆற்றுக்கென்றே ஒரு காவல்படை இருந்தது. நீந்தத் தெரிந்த நீர்நாய்களை மலையுச்சிக் காவலுக்கு மாற்றிவிட்டு, தண்ணீரைக் கண்டாலே நடுங்கும் முயல்களைப் படகில் ஏற்றியிருந்தார்கள். அரசாங்கம் என்றால் அப்படித்தான். ஏன் என்று கேட்கிறவனையும் மாற்றிவிடுவார்கள்.

அக்கரைக் குரங்குகள் கவண் வைத்துக் கல்லெறிந்துகொண்டே இருந்தன. முயல்களுடையவை சின்ன மூங்கில் படகுகள். ஒரு கல் பட்டால் ஓட்டை, இரண்டு பட்டால் குளியல். போன வாரம் துடுப்புப் போட்ட சுண்டன் ஆற்றோடு போய்விட்டான். அவன் மனைவியிடம் போய்ச் சொன்னவள் படைத்தலைவி கொவ்வை. இன்னொரு வீட்டு வாசலில் அப்படிப் போய் நிற்க அந்த முயலுக்குத் தெம்பில்லை.

அதனால் தூக்கணாங்குருவியிடம் போய்க் கெஞ்சினாள். குருவி நாரும் பிசினுமாக அடுக்கடுக்காகப் பின்னி, படகுக்குத் தட்டிகளும் முயல்களுக்குச் சட்டைகளும் செய்து கொடுத்தது. கரையில் வைத்து எத்தனை வேகமாகக் கல்லெறிந்து சோதித்தாலும், பட்ட இடத்தில் தொப்பென்று விழுந்தது. எல்லாவற்றையும் ஒரே முயல் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், அவ்வளவு இலேசு.

பார்வையிட வந்த அமைச்சர் கரடியார், பாத்திரக்கடையில் குடம் வாங்குகிறவரைப் போலத் தட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார்.

“என்னம்மா இது, கனமே இல்ல? ராஜா கேட்டா நான் எதைக் காட்டுவேன்?”

கனமில்லாததுதான் இதன் சிறப்பு, படகு விரைவாக ஓடும், முயல்கள் பிழைக்கும் என்று கொவ்வை விளக்கினாள். கரடியாரின் கவலை வேறு. இரும்புக் கவசம் என்று நினைத்து ராஜா பெரிய எடைக்கு அனுமதி கொடுத்திருந்தார். அதை முழுக்க ஏற்றாவிட்டால் மார்ச்சோடு காலாவதி, அடுத்த வருஷம் குறைத்துவிடுவார்கள்.

மிச்ச எடைக்குக் கருங்கல்லில் ஒரு திறப்புவிழாக் கல்வெட்டு வந்தது. சிங்கராஜா பெயர் மேலே, கரடியார் பெயர் அதற்குக் கீழே கொஞ்சம் பெரிதாக. அதைப் படகின் நடுவில் நிறுத்தியதும் தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

கொவ்வை கணக்குப் போட்டுப் பார்த்தாள். இதோடு நடு ஆற்றுக்குப் போனால் குரங்குகளுக்கு வேலையே இல்லை. கல்லை இறக்குங்கள் என்றாலோ ராஜத்துரோகம். மீசையைத் தடவிக்கொண்டே கரடியாரிடம் போனாள்.

“ஐயா, ஒரே ஒரு குறை. உங்க வீட்டம்மா பேரு இல்லியே. மாப்பிள்ளை பேரும் விட்டுப்போச்சு.”

கரடியாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல் பெரிதானது. கேள்விப்பட்டு ஓடிவந்த செயலாளர் நரிக்காக இன்னும் பெரிதானது. விழாவன்று மாலை போட்டு, தேங்காய் உடைத்து, கொடியசைத்தார்கள். படகு கரையோரச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. யார் பெயரை எடுத்தால் கிளம்பும் என்று கொவ்வை பணிவாகக் கேட்டாள். ஆளாளுக்குத் தங்கள் பெயரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

எல்லாப் படகுக்கும் அதேபோல் கல் வந்தது, எல்லாமே கரையில் உட்கார்ந்தன. அடிக்க ஆளில்லாமல் குரங்குகள் சலித்துப்போய்க் கவணைத் தூக்கிப் போட்டன. அந்த வருஷம் ஒரு முயல்கூடச் சாகவில்லை. கவசத்தின் வெற்றிக்காக ராஜா கரடியாருக்கு விருது கொடுத்தார். குருவிக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். அதன் கவசத்தின் மேல் எதிரியின் கல் ஒன்றுகூடப் படவில்லை.

நீதி: எதிரி எறியும் கல்லுக்குத் தப்ப இலேசான கவசம் போதும். மேலிடத்துக்குத் தப்ப வேண்டுமானால், அவர்கள் பெயர் பொறித்த கல்லே துணை.