காதுக்கு ஒரு பரீட்சை

மெஷினின் முகப்பில் 44.1 என்று எரிந்துகொண்டிருந்தது. 192 என்று எரிந்திருக்க வேண்டும்.

கண்ணாடிக் கடைக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஊரார் பார்வையையெல்லாம் சரிசெய்து அனுப்புகிறவருக்கு மூன்று இலக்கம் படிக்கத் தெரியாதா என்ன? 44.1தான்.

"ஏங்க, அதான் பாட்டு பாடுதே. அப்புறம் எதுக்கு அது முன்னால முட்டி போட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"பாடுது. ஆனா சாதாரணமா பாடுது."

"நல்லாத்தான் இருக்கு."

"உனக்குப் புரியாது. இந்த டிஸ்க்குக்குள்ள ஒரே பாட்டு ரெண்டு விதமா இருக்கு. நாப்பத்து நாலுன்னா சாதாரணம். நூத்தித் தொண்ணூத்திரெண்டுன்னா ஒசத்தி. அதுல பாடறவர் மூச்சு இழுக்கறதுகூடத் துல்லியமா கேக்கும்."

"அவர் மூச்சு இழுக்கறதைக் கேட்டு நாம என்னங்க பண்ணப்போறோம்?"

இதற்குப் பதில் தேட அவருக்கு நேரமில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குப் பெரியக்கா வருகிறாள்.

பெரியக்கா அவருடைய உடன்பிறந்த அக்கா. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் குப்பை கொட்டிவிட்டு, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். போன வாரம் போன் செய்து, "இனிமே உன் வீட்டோடதான்டா இருக்கப்போறேன். ஹால்ல ஒரு கட்டில் போட்டுடு" என்று சொல்லிவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள்.

ஹாலில் கட்டில் போட இடம் ஏது? இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், நடுவில் டிஸ்க் பிளேயர், அதன் கீழே ஆம்ப்ளிஃபயர், எதிரே அளவெடுத்துப் போட்ட ஒற்றை நாற்காலி. சோபா ஆறு மாதமாகப் பால்கனியில் வெயில் காய்கிறது. கடை மூடி வந்ததும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொள்வதற்காகத்தான் அவர் பகலெல்லாம் ஊரார் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். மனிதருக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது.

"பெரியக்கா, இது சும்மா ரேடியோ இல்ல. வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம்" என்று போனிலேயே கெஞ்சிப் பார்த்தார்.

"அப்படியா? ஞாயித்துக்கிழமை வந்து நானே கேக்கறேன். வித்தியாசம் இருந்தா நான் நம்ம சின்னவன் வீட்டுக்குப் போய்க்கறேன். இல்லேன்னா அந்தச் சாமானையெல்லாம் பரணுக்கு ஏத்து."

அதைக் கேட்ட மனைவியின் முகத்தில் ஒரே சந்தோஷம். "அண்ணி வரட்டுமே. எனக்கும் பேச்சுத்துணையாச்சு" என்று அன்றைக்கே தலையணை உறை துவைத்துப் போட்டாள். கட்டிய மனைவியே கட்சி மாறிவிட்டது அவருக்குப் பெரிய வருத்தம்.

இன்று டிஸ்க் கைவிட்டதும் அவர் மச்சினனைக் கூப்பிட்டார். மனைவியின் தம்பி. வீடு வீடாக இன்டர்நெட் கேபிள் இழுப்பது அவன் வேலை.

"டிஸ்க்கை விடுங்க மாமா. ஒசத்தியான பாட்டெல்லாம் உள்ரூம் கம்ப்யூட்டர்ல இருக்குல்ல? அங்கேருந்து வைஃபைல அனுப்பினா பிளேயர் தானா பாடும்" என்றான்.

அனுப்பினான். பிளேயர் 192 என்று காட்டியது. கண்ணாடிக் கடைக்காரர் கைதட்டினார். பாடகர் ஒரு வரி பாடினார், நிறுத்தினார். அரை வரி பாடினார், நிறுத்தினார். விக்கல் எடுத்தவர் பாடுவதுபோல் இருந்தது.

"இதுவும் ஒசத்திதானா?" என்றாள் மனைவி.

"சிக்னல் பத்தலக்கா" என்றான் மச்சினன். வைஃபை பெட்டியை உள்ளறையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஹாலில் பிளேயர் தலைமேல் உட்கார வைத்தான். இப்போது பிளேயருக்குச் சிக்னல் அமோகம். உள்ளறைக் கம்ப்யூட்டருக்குத்தான் சிக்னல் இல்லை. பிளேயர் பாட ஒன்றுமில்லாமல் தயாராக இருந்தது.

"அப்ப கேபிள்தான் மாமா. நேரா இழுத்துடறேன்."

நேராக என்றால் உள்ளறையிலிருந்து சமையலறை வழியாக, குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் நுழைந்து, குளியலறைக் கதவுக்கடியில் புகுந்து, ஹாலுக்கு. குளியலறைக் கதவை இனிச் சாத்த முடியாது. வழியில் குளிர்சாதனப் பெட்டியின் பிளக்கும் கழன்றுபோனது. அது தெரிவதற்குள் பால் திரிந்துவிட்டது.

ஆனால் பாட்டு நிற்காமல் ஓடியது. முகப்பில் 192. கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். ஒரு சந்தேகம். ரிமோட்டைக் கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, எது வருகிறது என்று பாராமல் கண்டபடி அமுக்கி, இது ஒசத்தி, இது சாதாரணம் என்று தனக்குள் சொல்லிவிட்டு முகப்பைப் பார்த்தார். இப்படிப் பத்து தடவை.

பத்துக்கு நாலு.

தூங்கிக்கொண்டே சொல்லியிருந்தால்கூட அஞ்சு வந்திருக்கும். ஆறு மாதமாகத் தான் கேட்டு உருகியது எதை என்று அவருக்கே தெரியவில்லை. இதை வெளியே சொல்லவும் முடியாது.

அழைப்பு மணி அடித்தது. மணி நாலு. பெரியக்கா எதிலும் ஒரு நிமிஷம் தவறமாட்டாள்.

பெட்டியோடு உள்ளே வந்தவள் மூன்றாவது அடியில் கேபிளில் கால் தடுக்கி, ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வீடாடா இது? டெலிபோன் ஆபீஸா?"

"உக்காருங்க பெரியக்கா."

உட்கார வைத்துச் சாதாரணத்தைப் போட்டார். பிறகு ஒசத்தியைப் போட்டார். பெரியக்கா இரண்டையும் முழுசாகக் கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான். கட்டிலை எங்க போடறது?"

"ஐயோ பெரியக்கா, உங்க காதுக்குப் பழக்கம் இல்ல..."

"என் காது கிடக்கட்டும். உன் காதுக்குத் தெரியுதா? கடையில என் கண்ணுக்கு நீ என்ன பண்ணினே? ஒரு கண்ணாடியைப் போட்டு, இது தெளிவா? இன்னொண்ணைப் போட்டு, அது தெளிவா? ரெண்டும் ஒண்ணுதான்டான்னு சொன்னதுக்கு, 'நல்லா கவனிச்சுச் சொல்லுங்க'ன்னு மிரட்டினியா இல்லையா? அதே பரீட்சை உனக்கு. பத்து தடவை. எட்டு சரியா சொன்னா சாமானெல்லாம் இங்கேயே இருக்கட்டும். நான் சின்னவன் வீட்டுக்குப் போயிடறேன். ஏழு வந்தாலும் பரண்தான்."

"அண்ணி சொல்றதுதான் நியாயம்" என்றாள் மனைவி.

கண்ணாடிக் கடைக்காரர் மச்சினனைப் பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மாப்ள, நீதான் உள்ள உக்காந்து பாட்டு போடப்போறே. ஒசத்தியைப் போடறப்ப ஒரே ஒரு இருமல் இருமு."

"எதுக்கு மாமா? உங்களுக்குத்தான் வானத்துக்கும் பூமிக்கும் வித்தியாசம் தெரியுமே?"

"தெரியும்டா. இன்னிக்கு வானம் கொஞ்சம் மூடியிருக்கு. இருமேன்."

பெரியக்கா பரீட்சைக்கான ஏற்பாட்டை முடித்துவிட்டாள். பிளேயரின் முகப்பில் எண் தெரியும் இடத்தில் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. எல்லாருடைய போன்களும் அவள் பைக்குள் போய்விட்டன. ரிமோட்டும்தான். அவளிடம் ஒரு தாள், உள்ளறையில் மச்சினனிடம் ஒரு தாள். அவன் போட்டதை அவன் எழுத வேண்டும், தன் தம்பி சொன்னதை அவள் எழுதுவாள், கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

"நீ உள்ள போய் உன் தம்பி ஒழுங்கா எழுதறானான்னு பாரும்மா. இந்த வீட்டுல நியாயம் தெரிஞ்ச ஒரே ஆள் நீதான்" என்று மனைவியையும் மேற்பார்வைக்கு அனுப்பினாள்.

"ஒண்ணாவது கேள்வி!" என்று கத்தினாள் பெரியக்கா. ஒலிபெருக்கி இல்லாமலே அறுநூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய குரல் அது.

பாட்டு வந்தது. கூடவே உள்ளிருந்து ஒரு "லொக்."

"ஒசத்தி!" என்றார் கண்ணாடிக் கடைக்காரர் கம்பீரமாக.

"நிறுத்து! யாரு இருமினது?"

கண்ணாடிக் கடைக்காரர் விட்டத்தைப் பார்த்தார்.

"பரீட்சை ஹால்ல இருமறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன். அந்தப் பையனுக்கு வெந்நீர் குடும்மா. கதவைச் சாத்து. மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பி."

கதவு சாத்தப்பட்டது. கேபிள் நசுங்கினாலும் பாட்டு வந்தது. இருமல் மட்டும் வரவில்லை. கண்ணாடிக் கடைக்காரர் தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் சொந்தக் காதை நம்பி உட்கார்ந்தார்.

"ம், சொல்லு."

"ஒசத்தி."

"சத்தமா சொல்லு!"

"ஒசத்தி!"

"ஒண்ணாவது, ஒசத்தி!" என்று பெரியக்கா தெருவுக்கே அறிவித்துவிட்டு எழுதிக்கொண்டாள். விடையைத் திருப்பிச் சொல்லாமல் எழுதி அவளுக்குப் பழக்கமில்லை.

இரண்டாவதையும் ஒசத்தி என்றார். மூன்றாவதையும். மூன்றும் தொடர்ந்து ஒசத்தியாக இருக்குமா என்று பயம் வந்து நாலாவதைச் சாதாரணம் என்றார். ஐந்தாவதில் பாட்டு நடுவில் ஒரு விக்கல் விக்கியது. கனமான சரக்குதானே வரும்போது திணறும் என்று கணக்குப் போட்டு ஒசத்தி என்றார். ஆறு, சாதாரணம். ஏழாவதில் பாடகர் மூச்சு இழுக்கிறாரா என்று உன்னிப்பாகக் கேட்டார். யாரோ மூச்சு இழுத்தார்கள். பார்த்தால் அது அவரேதான். எட்டாவது பாடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் பிளேயர் யாரும் கேட்காமல் தன் தட்டை வெளியே நீட்டி, உள்ளே இழுத்துக்கொண்டது. அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டு ஒசத்தி என்றார். ஒன்பதும் பத்தும் என்ன சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை.

"நேரம் முடிஞ்சுது! தாளைக் கொண்டாங்க!"

மனைவி தாளைக் கொண்டுவந்து பெரியக்கா கையில் மரியாதையாகக் கொடுத்தாள். பெரியக்கா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். கண்ணாடிக் கடைக்காரர் பரணைப் பார்த்தார். அதன் கதவு சின்னது. ஸ்பீக்கரைச் சாய்த்துத்தான் ஏற்ற வேண்டும்.

"ஒண்ணு, சரி. ரெண்டு, சரி. மூணு, சரி."

நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆறு, சரி. ஏழு, சரி." பெரியக்காவின் குரலில் சுரத்து குறைந்துகொண்டே வந்தது. "ஒம்பது... சரி. பத்தும் சரி."

ஹாலில் ஓர் ஈ பறந்தால் கேட்டிருக்கும். கண்ணாடிக் கடைக்காரருக்கு நிச்சயமாகக் கேட்டிருக்கும்.

பெரியக்கா இரண்டு தாள்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடித்தல் திருத்தல் ஒன்றுமில்லை. "முப்பத்திரெண்டு வருஷத்துல பத்துக்குப் பத்து நான் ரெண்டே பேருக்குத்தான் போட்டிருக்கேன். நீ மூணாவது. உன்னைப்போய் வெத்து ஜம்பம்னு நினைச்சேனே, தம்பி" என்று சொல்லி, மார்க்குக்குக் கீழே கையெழுத்தும் போட்டாள்.

சொன்ன சொல் தவறாதவள். போன்களைத் திருப்பிக் கொடுத்தாள், பாலில்லாத டீ மட்டும் குடித்தாள், சின்னவன் வீட்டுக்கு வண்டி பிடிக்கச் சொன்னாள்.

"அதுக்குள்ள கிளம்பறீங்களே அண்ணி" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

கண்ணாடிக் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவர் கண்ணில் நீர் நின்றது. நாலு மார்க் வாங்கிய காது இல்லை அது, அவசரத்தில் தடுமாறிய காது. ஆறு மாதமாக அவர் கேட்டது எல்லாம் நிஜம். தான் போலி இல்லை என்று தெரிந்துகொள்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு எந்த ஸ்பீக்கரும் ஈடாகாது.

சந்தோஷம் ஏற ஏற மனசும் பெரிதாகிக்கொண்டே போனது.

"இங்க பாரு, பெரியக்காவுக்கு நம்மளை விட்டா யாரு இருக்கா?" என்றார் மனைவியிடம். "சின்னவன் வீட்டுல மூணு பசங்க. அங்க அவங்களுக்கு எப்படி ஒத்துவரும்? என் காது எப்பேர்ப்பட்ட காதுன்னு நிரூபிச்சாச்சு. இனிமே எனக்கு ஒரு ஹெட்ஃபோன் போதும். சாமானை நாளைக்கே பரணுக்கு ஏத்திடறேன்."

மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க? ஸ்பீக்கர் எவ்வளவு அழகா இருக்கு! இன்னும் ரெண்டு வாங்கிக்கூட வைங்களேன்!"

"நீயே சொன்னியே, அண்ணி வந்தா பேச்சுத்துணைன்னு. உன் மனசு எனக்குத் தெரியாதா?" அவர் போனைக் காதில் வைத்தார். "ஹலோ, பெரியக்கா? வண்டியைத் திருப்பச் சொல்லுங்க. இனிமே உங்களுக்கு இந்த வீடுதான், காலத்துக்கும்!"

மச்சினன் கையிலிருந்த வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தன் அக்காவைப் பார்த்தான்.

"என்னக்கா இது? இதுக்குத்தானா நாம ரெண்டு பேரும் கதவுல காதை வெச்சு, மாமா என்ன சொல்றாரோ அதையே கேட்டுக் கேட்டு எழுதினோம்?"