குதிரை அண்ணையின் ஒற்றை எழுத்து

சீன மொழியில் ஆயிரக்கணக்கில் எழுத்துகள் இருக்கின்றனவாம். பெரிய படிப்புப் படித்தவர்கள்கூட அவற்றைக் கற்று முடிப்பதற்குள் தலை நரைத்துப் போகிறார்கள். அதில் ஒரே ஒரு எழுத்தைப் பிடித்துக்கொண்டு, அதை வைத்தே ஜெர்மனியை வென்ற மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான் இருந்தார். அவர்தான் குதிரை அண்ணை.

தொண்ணூறாம் ஆண்டு. கெல்சென்கிர்ச்சனில் ஒரு சீன உணவகத்தின் பின்பக்கத்தில் நானும் அவரும் ஒரே தொட்டியில் கோப்பை கழுவினோம். நான் யாழ்ப்பாணம், அவர் மன்னார். முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, அதற்குமேல் ஈர ஏப்ரன், அதற்குமேல் மீசை, இவ்வளவுதான் அவருடைய தோற்றம். சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்ப்பார்.

முதலில் ஜெர்மன் படிக்கத்தான் போனார். மூன்றாம் நாள் வகுப்பிலிருந்து கோபத்தோடு வந்து இறங்கினார்.

"தம்பி, மேசை ஆம்பிளையாம். கதவு பொம்பிளையாம். சரி, அவங்கடை நாடு, அவங்கடை தளபாடம் எண்டு விட்டிட்டன். இண்டைக்குச் சொல்லுறாங்கள், பெட்டைப்பிள்ளை ரெண்டும் இல்லையாம், வெறும் சாமானாம். என்ரை மகளும் ஊரிலை ஒரு பெட்டைப்பிள்ளைதான். இதைக் கேட்டுக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது."

அத்தோடு ஜெர்மன் மொழிக்கும் அவருக்கும் இருந்த உறவு முறிந்தது. அந்த இடத்தைச் சீனம் பிடித்துக்கொண்டது.

அதற்குக் காரணம் ஒரு கலண்டர். அந்த வருடம் சீனர்களுக்குக் குதிரை ஆண்டு. மரக்கறி கொண்டு வரும் சீனக் கடைக்காரர் கொடுத்த கலண்டரில் மாதத்துக்கு ஒரு குதிரை ஓடியது. ஒவ்வொரு குதிரையின் காலடியிலும் நாலு சீன எழுத்து. ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்ற அண்ணை, பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு புதையல் எடுத்தவரைப் போல என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சை பார். இந்த எழுத்து எல்லா மாதத்திலையும் நிக்குது. கீழை நாலு புள்ளி. நாலு கால். இதுதான் குதிரை. இந்த ஒண்டைப் படிச்சால் பன்னிரண்டு கதை கதைக்கலாம். ஜெர்மனிலை ஒரு கதை கதைக்கிறதுக்கே பன்னிரண்டு வருசம் வேணும்."

பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் அடுப்படியிலேயே இருந்தார். எங்கள் தலைமைச் சமையற்காரரை எல்லோரும் 'ஷிஃபு' என்று கூப்பிடுவோம். கைதேர்ந்தவர் என்று பொருள். ஷிஃபுவின் ஜெர்மனும் அண்ணையின் ஜெர்மனும் சேர்ந்தால் ஒரு சூப்புக் கோப்பையை நிரப்பாது. வினைச்சொல்லே இல்லாத மொழி அது. மதியக் கூட்டம் கலைந்து, மாலைக் கூட்டம் வருமுன், உருக்கு மேசையில் சோயா சோஸைத் தொட்டு ஷிஃபு படம் வரைவார். அண்ணை எதிரே குந்தியிருந்து, படத்தைப் பார்த்துப் பொருளைப் பிடிப்பார்.

மா மா ஹூ ஹூ. குதிரை குதிரை, புலி புலி. அதாவது ஏனோதானோ, அரைகுறை, சுமார். ஸோ மா குவான் ஹுவா. குதிரையில் ஓடிக்கொண்டே பூப் பார்ப்பது. நாங்கள் நுனிப்புல் மேய்வது என்கிறோமே, அதுதான். ஹாய் ச்சுன் ஜி மா என்றால் மந்தை முழுவதையும் கெடுக்கிற ஒற்றைக் குதிரை. லாவ் மா ஷி தூ என்றால் வழி தெரிந்த கிழட்டுக் குதிரை. வழிதவறிய ஒரு படை, கிழக்குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவற்றின் பின்னாலேயே ஊர் வந்து சேர்ந்த கதையை ஷிஃபு முழு மேசையிலும் வரைந்தார். அன்றைக்குச் சோயா போத்தல் காலி.

அண்ணைக்கு மிகவும் பிடித்தது ஜி லூ வே மா. ஓர் அமைச்சர் அரசவைக்கு ஒரு மானைக் கொண்டுவந்து, இது குதிரை என்றாராம். பயத்தில் பாதிச் சபை, ஆமாம் குதிரைதான் என்று தலையாட்டியதாம். கண்ணுக்கு முன்னால் இருப்பதை வேறொன்றாகச் சாதிப்பதற்கு அந்தப் பெயர். எங்களூர்க்காரர் ஒருவர் துருப்பிடித்த ஒரு காரை வாங்கி, ராசா வீட்டுக் கார் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். அண்ணை அதைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்தார். பிடி கையோடு வந்துவிட்டது. அதை உரிமையாளரிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, "ஜி லூ வே மா" என்று சொல்லி நடந்தார். ஏதோ வாழ்த்து என்று நினைத்து அவர் நன்றி சொன்னார்.

அண்ணையின் உச்சரிப்பு எந்தச் சீனருக்கும் விளங்காது. அதனால் வாயைத் திறக்குமுன் இரண்டு கையையும் பொத்தி நெஞ்சுக்கு முன்னால் பிடித்து, கடிவாளம் இழுப்பதுபோல இரண்டு தரம் குலுங்குவார். குதிரை விஷயம் என்று தெரிந்துகொண்டு, மிச்சத்தை அவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டவர் அலுவலகத்திலும் இதையே செய்தார். அவரைவிட ஒரு வகுப்புக் கூடுதலாக ஜெர்மன் தெரிந்தவன் என்பதால் நான் மொழிபெயர்க்கப் போயிருந்தேன். உங்கள் ஜெர்மன் எப்படி என்று அங்கிருந்த அதிகாரி அம்மா கேட்டார். அண்ணை கதிரையிலிருந்தபடியே குலுங்கி, "மா மா ஹூ ஹூ" என்றார். மூச்சு முட்டுகிறதாக்கும் என்று பயந்து அந்த அம்மா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். வீடு இருக்கிறது, நல்லது. வேலையும் நிலையாக இருந்தால் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். நவம்பர் தொடக்கத்தில் அடுத்த சந்திப்புக்கு ஒரு டெர்மின், அன்றைக்கு முதலாளியின் உறுதியோடு வாருங்கள்.

வெளியே வந்த அண்ணை குலுங்கவில்லை. "தம்பி, மனிசியையும் பிள்ளையையும் பாத்து நாலு வருசம். இந்தக் கோப்பையளை விட்டால் எனக்கு வேறை வழியில்லை" என்றார்.

அந்த வேலைக்குத்தான் ஒக்டோபரில் அவரே கொள்ளி வைத்தார்.

ஷிஃபுவுக்கு அறுபதாவது பிறந்தநாள் வந்தது. சீனருக்கும் எங்களைப் போலவே அறுபது வருடச் சுற்று. ஷிஃபு பிறந்ததும் குதிரை ஆண்டு, அறுபது முடிந்து மறுபடி வந்திருப்பதும் குதிரை ஆண்டு. இதை அறிந்த நாளிலிருந்து அண்ணை தரையில் நிற்கவில்லை. பரிசு கொடுக்க வேண்டும். அந்த நாளில் எங்கள் ஆட்களுக்குப் பரிசு என்றால் சுவர் மணிக்கூடுதான். கலியாணமா, மணிக்கூடு. குடிபுகுதலா, மணிக்கூடு. குசினியிலும் ஹோலிலும் தொங்கவிட்டு, மிஞ்சினதைக் குளியலறையிலும் மாட்டியிருந்த வீடுகள் உண்டு. அண்ணை கடைகடையாக ஏறி இறங்கி, பெரிய தட்டளவில் ஒன்று பிடித்தார். அதில் ஒரு மண்ணிறக் குதிரை பாய்ந்துகொண்டிருந்தது. அதன் வயிற்றிலிருந்து இரண்டு முள்ளும் புறப்பட்டன.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோர் முன்னாலும் ஷிஃபு பொதியைப் பிரித்தார். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே உறைந்தது. முதலாளியம்மா கையிலிருந்த கேக் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். ஷிஃபு ஏப்ரனைக் கழற்றி மடித்தார். தன் வெட்டுக்கத்தியைக் கழுவி, துடைத்து, துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியேறினார். சீனச் சமையற்காரரின் கத்தி அவருடைய சொந்தக் கத்தி. அது அடுப்படியைவிட்டுப் போனால் ஆள் திரும்பி வரமாட்டார் என்று அர்த்தம்.

முதலாளியம்மா எங்கள் சமையலறை ஜெர்மனில் விளக்கினார். "சீனம், மணிக்கூடு பரிசு இல்லை. வயதான ஆள், பிறந்தநாள், மணிக்கூடு. நேரம் முடிஞ்சுது. செத்தவீடு."

அண்ணையின் மீசை தொங்கியது.

"நாளைக்கு விருந்து" என்றார் முதலாளியம்மா. பழைய சுரங்கத் தொழிலாளர்கள் மண்டபம் முழுவதையும் எடுத்திருந்தார்கள். அவ்வளவு வாத்தையும் பொரிக்க ஷிஃபுவை விட்டால் ஆளில்லை. கடையும் ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. "ஷிஃபு இல்லை, வாத்து இல்லை. வாத்து இல்லை, கடை இல்லை. நான் கொலோன், அக்கா வீடு. நீங்கள், வேலை இல்லை."

மறுநாள் காலை மணிக்கூட்டையும் தூக்கிக்கொண்டு அண்ணை ஷிஃபுவின் வீட்டுக்குப் புறப்பட்டார். நானும் போனேன்.

"அண்ணை, இதை ஏன் திரும்பவும் கொண்டு வாறியள்? நெருப்பிலை எண்ணெய் ஊத்தப் போறியளோ?"

"குத்தம் செய்த சாமானைக் கையிலை வைச்சுக்கொண்டுதான் மன்னிப்புக் கேக்க வேணும். பேசாமல் வா."

மூன்றாம் மாடி. மூடிய கதவு. அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு, கதவுக்கு முன்னால் நின்று குலுங்கினார். உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது என்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"ஷிஃபு. ஹாய் ச்சுன் ஜி மா. நான்." மந்தையைக் கெடுத்த குதிரை நான்தான்.

அண்ணை கதவுக்கு இன்னும் கிட்டப் போனார்.

"ஸோ மா குவான் ஹுவா. நான்." உங்கள் பழக்கவழக்கத்தை ஓடும் குதிரையில் இருந்து பார்த்துவிட்டேன்.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. நின்றது.

அண்ணையின் குரல் இறங்கியது. "லாவ் மா ஷி தூ. ஷிஃபு." வழி தெரிந்த கிழட்டுக் குதிரை நீங்கள். நீங்கள் இல்லாமல் நாங்கள் எங்கே போவது என்பதையும் அந்தக் குரலே சொன்னது.

சங்கிலி போட்டபடி கதவு ஒரு கையளவு திறந்தது. ஷிஃபுவின் ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் அண்ணையைப் பார்த்தது. பிறகு மணிக்கூட்டைப் பார்த்தது. கதவு படாரென்று மூடியது.

இந்தச் சத்தத்துக்குக் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா தலையில் சுருள் கட்டையோடு மேலே வந்துவிட்டார். என்ன நடக்கிறது இங்கே என்று அதட்டினார். பிறந்தநாள் பரிசுப் பிரச்சினை என்று விளக்கினேன். அவர் மணிக்கூட்டையும் அண்ணையையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணை படியில் குந்தி, அதைத் திருப்பிப் பின்பக்கத்தை ஆராய்ந்தார்.

"தம்பி, இந்த மனிசியிட்டை ஒரு திருகாணிச் சாவி இருக்குமோ எண்டு கேள்."

ஜெர்மன் வீடொன்றில் திருகாணிச் சாவி இல்லாமலா? ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்தார். பற்றரி கழன்றது. எந்திரம் கழன்றது. முன்னால் இரண்டு முள்ளும் விழுந்தன. எடுத்த பாகங்களை எல்லாம் அண்ணை அந்த அம்மாவின் கையில் பொத்திக் கொடுத்தார். "இது இவவுக்கு. ஜெர்மன்காரருக்கு மணிக்கூடு குடுத்தால் குறையில்லைத்தானே."

மறுபடி கதவைத் தட்டினார். இந்தமுறை சங்கிலியும் கழன்றது. பனியனோடு நின்ற ஷிஃபுவின் முகத்துக்கு நேரே அண்ணை அதைத் தூக்கிப் பிடித்தார்.

"மணிக்கூடு இல்லை" என்றார் கம்பீரமாக. "குதிரை."

ஷிஃபு பார்த்தார். குதிரை இருந்தது. குதிரையின் வயிற்றில் ஓட்டை இருந்தது. அதைச் சுற்றி ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை இலக்கங்கள் ஒன்றும் குறையாமல் வரிசையாக நின்றன. ஷிஃபு விரலை நீட்டி, ஆறாம் இலக்கத்தைத் தொட்டார். உதடு துடித்தது.

"ஜி லூ..." என்றார் மெதுவாக.

அண்ணையின் கண் விரிந்தது. தன்னைத்தான் திட்டுகிறார் என்பது அவருக்கு விளங்கியது. அந்தத் திட்டு தனக்குத் தெரிந்த திட்டு என்பதும் விளங்கியது. அந்தச் சந்தோசத்தில் முழுக் கட்டடமும் அதிரக் கத்தினார்.

"வே மா."

மானைக் குதிரை என்று சாதித்த அமைச்சர் அன்றைக்கு அந்த வாசலில்தான் நின்றார். ஷிஃபு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். கீழ்வீட்டு அம்மா எதற்கென்று தெரியாமலே சிரித்தார். பிறகு ஷிஃபு உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கக்கத்தில் துணியில் சுற்றிய கத்தி இருந்தது.

உணவகத்தின் பின்கதவை அண்ணைதான் முதலில் தள்ளித் திறந்தார். உள்ளே தலையில் கைவைத்து இருந்த முதலாளியம்மாவுக்கு முன்னால் குலுங்கி, "மா தாவ் செங் கொங்" என்றார். குதிரை வந்து சேர்ந்தது, காரியம் வென்றது. அவர் பின்னால் ஷிஃபு. அடுத்த நிமிடம் பலகையில் வெட்டுக்கத்தி விழும் சத்தம். அதைவிட இனிய சத்தத்தை நான் அந்த ஊரில் கேட்டதில்லை.

அன்று மாலை சுரங்கக்காரர்கள் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை. சமையற்காரரைப் பார்க்க வேண்டும் என்று மேசையைத் தட்டினார்கள். ஷிஃபு தனியே போகவில்லை. ரப்பர் சப்பாத்தோடு நின்ற அண்ணையையும் கையில் பிடித்து மண்டபத்துக்கு இழுத்துப்போனார். கைதட்டல் ஓய்ந்ததும், சாப்பாடு எப்படி என்று அண்ணை தமிழில் கேட்டு, அவரே "மா மா ஹூ ஹூ இல்லை" என்று பதிலும் சொல்லிக் குனிந்து வணங்கினார். மறுபடி கைதட்டல். முள்ளில்லாத குதிரை, அடுப்புக்கு மேலே ஷிஃபுவின் கையாலேயே ஆணியில் ஏறியது.

நவம்பர் டெர்மினுக்கு முதலாளியம்மா தானே வந்தார். இந்த ஆள் போனால் என் சமையற்காரர் போய்விடுவார், அதனால் இந்த ஆள் எங்கேயும் போகமாட்டார் என்று அந்த அலுவலக அம்மாவிடம் அடித்துச் சொன்னார்.

அடுத்த வசந்தத்தில் டுசெல்டோர்ப் விமான நிலையத்தில் நாங்கள் மூன்றுபேர் நின்றோம். ஷிஃபு கோட் போட்டிருந்தார். கண்ணாடிக் கதவு திறந்து, கையில் ஒரு பையும் மறுகையில் ஒரு சிறுமியுமாக அண்ணையின் மனைவி வந்தார். அண்ணை பன்னிரண்டு கதையும் மறந்துபோய் நின்றார். பின்னாலிருந்து ஷிஃபுதான் மண்டபம் திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

"மா தாவ் செங் கொங்."

"ஆரப்பா இந்தக் கிழவர்? என்ன சொல்லுறார்?" என்றார் மனைவி.

"குதிரை வந்து சேந்திட்டுதாம்" என்றார் அண்ணை, கரகரத்த குரலில்.

"வந்து இறங்கின உடனை என்னைக் குதிரை எண்டுறாரோ?"

அந்தச் சிறுமி அப்பாவை மேலும் கீழும் பார்த்தாள். தொலைபேசியில் அவ்வளவு காலமும் கதை கேட்டு வளர்ந்தவள் அல்லவா.

"அப்பா, அப்ப குதிரை எங்கை?"

அண்ணை அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். அவள் முதுகில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணை எழும்பி இரண்டு தரம் குலுங்கிவிட்டு, பயணிகளை விலக்கிக்கொண்டு அந்த மண்டபத்தின் மறுகோடிவரை ஓடினார். அவருடைய பெரிய சிரிப்பும் அவளுடைய சின்னச் சிரிப்பும் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன.

எனக்கு ஊரில் கூடப்பிறந்த அண்ணன்மார் இருக்கிறார்கள். ஆனாலும் யாராவது 'அண்ணை' என்று சொல்லும்போது என் மனதுக்குள் முதலில் ஓடிவருகிறவர், முதுகில் மகளைச் சுமந்துகொண்டு வரும் அந்த மனிதர்தான்.