குருவுக்காகக் காலி செய்த நாற்காலி

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
11-11-1998

தேவரீர் அத்திம்பேர் லக்ஷ்மிநாராயணன் அவர்களுக்கு, மைத்துனன் பட்டாபி அநேக நமஸ்காரம் செய்து எழுதியது. இவ்விடம் எல்லோரும் க்ஷேமம் என்று ஆரம்பிப்பது முறை. க்ஷேமமில்லை. அவ்விடத்து க்ஷேமத்துக்கு என்ன குறைச்சல், ஊரார் ஜாதகத்தையெல்லாம் புரட்டிவிட்டு மத்தியானம் படுத்தால் உங்களுக்குத் தூக்கம் நன்றாகவே வரும்.

மே மாதம் எனக்கு என்ன எழுதினீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? "குருப்பெயர்ச்சிக்குள்ள இருக்கிற வேலையை விட்டுடு பட்டாபி, நாற்காலி காலியா இருந்தாத்தானே குரு வந்து உட்காருவார்." நானும் ஒரு மடையன், மின்விசிறிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் ஆபீஸர் உத்தியோகத்தை, குரு பெயர்வதற்கு முதல் நாள் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதைச் சொல்ல மெட்ராஸுக்குப் போன் போட்டால், எமகண்டத்தில் ரிஸீவரைத் தொடமாட்டேன் என்று நீங்கள் எடுக்கவில்லை. அக்காதான் எடுத்து, "அடப்பாவி, கையில இருக்கிறதை யாராவது விடுவாளா?" என்றாள். அவளுக்கு இருக்கிற புத்தி பஞ்சாங்கம் பார்க்கிறவருக்கு இல்லை. குரு பெயர்ந்தார். எந்தப் பக்கம் பெயர்ந்தாரோ, லேக் கார்டன்ஸ் பக்கம் இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

வேலையில் இருந்துகொண்டு வேலை தேடினேனே, அது ராஜபோகம். ஆபீஸில் பல்வலி என்று சொல்லிவிட்டு இண்டர்வ்யூவுக்குப் போவேன், உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பேன், அவ்வளவுதான், எதிரே இருக்கிறவன் பதறிப்போவான். பாலிகஞ்சில் பெயிண்ட் கம்பெனி நடத்துகிற சீதாராமன் ஒரு கல்யாணப் பந்தியில் பாயசத்தைப் பாதியில் நிறுத்தி, "நீங்க எங்ககிட்ட வந்துடணும் சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று பிகு பண்ணினேன். ஜூன் மாதம் அதே சீதாராமனிடம் நானே போய் நின்றேன். "இப்போ எங்க இருக்கேள்?" என்றார். "ஆத்துலதான்." "ஓ." அந்த ஓவுக்குப் பிறகு, உள்ளேயிருந்து வந்துகொண்டிருந்த காபி திரும்பிப் போய்விட்டது. நான் அதே பட்டாபிதானே, கணக்கு மறந்துபோயிற்றா, கை முடங்கிப்போயிற்றா, என்ன ஆயிற்று எனக்கு? இப்போதெல்லாம் காலையில் போனால் சாயங்காலம் வரை பெஞ்சில் உட்கார வைக்கிறான்கள், கேட்டால் "உங்களுக்கு என்ன சார் அவசரம்" என்கிறான்கள். வயிறு எரிகிறது அத்திம்பேர்.

ஏன் விட்டீர்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒரு பெங்காலி மேனேஜரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லித் தொலைத்தேன். அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பவழமும் நீலமுமாகப் பத்து விரலிலும் மோதிரம் போட்ட இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, தமக்கு எப்போது பிரமோஷன் என்று உங்களைக் கேட்டுச் சொல்லச் சொன்னார். வேலை? அது கிடையாதாம். கீழ்வீட்டு சட்டர்ஜி மீன் பையும் கையுமாகத் தினம் மாடிப்படியில் மறித்து, "சாக்ரி பேலேன், தாதா?" என்கிறார். வேலை கிடைத்ததா என்று கேட்கிறார், நல்ல மனுஷர்தான், ஆனால் அவர் வருகிற நேரம் பார்த்து நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. வீட்டில் மீனாக்ஷி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "உங்க அத்திம்பேர் தன் பம்ப்செட் ஏஜென்சியில தன் நாற்காலியைக் காலி பண்ணினாரோ?" பதில் சொல்லுங்கள் பார்க்கலாம். நீங்கள் பண்ணமாட்டீர்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

நேற்று ஒரு தேயிலைக் கம்பெனியில் அதே கேள்வி, இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வாயில் வந்த ஒன்றைச் சொல்லிவிட்டேன். உடனே முதல் தர டீ வந்தது, கூடவே சந்தேஷ் மிட்டாய் வந்தது. என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு அவசியமில்லை. என் புத்தியால் நான் பிழைத்துக்கொள்வேன், இனி உங்கள் பெயரைச் சொல்லி எனக்கு ஒரு காரியமும் ஆகவேண்டியதில்லை. ஜாதகம், ஜோசியம் என்று இனி ஒரு கார்டு வந்தாலும் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்காவுக்கு என் நமஸ்காரம், குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். உங்களுக்கு முதல் வரியில் செய்த நமஸ்காரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
பட்டாபி

பி.கு: கவரை ஒட்டுகிற சமயம் தேயிலைக் கம்பெனியிலிருந்து போன். அத்திம்பேர், நேற்று நான் சொன்னது, உங்கள் பம்ப்செட் ஏஜென்சியின் கல்கத்தாக் கிளைக்கு மேனேஜராக இருக்கிறேன் என்று. கிளை விலாசம் என் வீட்டு விலாசம்தான். விசாரிப்பதற்காக வருகிற திங்கட்கிழமை உங்களைப் போனில் கூப்பிடுகிறார்களாம். இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன், அக்கா எடுத்துவிட்டால் வம்பு, அவளுக்குப் பொய் வராது, திங்களன்று அவளைக் கோயிலுக்கு அனுப்பிவிடுங்கள். பட்டாபி இல்லாவிட்டால் கிளையையே மூடவேண்டியதுதான், அவனை விடவே முடியாது என்று அடித்துச் சொல்லுங்கள். நீங்கள் விடமாட்டேன் என்றால்தான் அவர்கள் எடுப்பார்கள். மேலே எழுதியதெல்லாம் ஏதோ வயிற்றெரிச்சல், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நமஸ்காரம், நமஸ்காரம். போன் பதினொரு மணிக்கு வரும். திங்கட்கிழமை அந்த நேரம் எமகண்டம் என்று எனக்கும் தெரியும். காலில் விழுகிறேன், இந்த ஒரு தடவை ரிஸீவரை எடுத்துவிடுங்கள்.