பால் அடுப்பில் ஒரு வாளித் தண்ணீர்

அடுத்தவர் வீட்டுப் பூட்டின் திறப்பு இடுப்பில் தொங்கத் தொடங்கினால் மனிதருக்கு நடை மாறிவிடும். எனக்கு நடையோடு குரலும் மாறியது. எங்கள் வீட்டுக் குசினியில் உப்புப் போத்தல் எங்கே இருக்கிறது என்று தெரியாத எனக்கு, பிறர் வீட்டு ஓடு, கிணறு, மலகூடக் குழி என்று எல்லாவற்றையும் பற்றித் திடமான அபிப்பிராயங்கள் இருந்தன.

சண்டை நின்று, பாதை திறந்து, வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் வீடுகளை நினைத்து ஏங்கத் தொடங்கிய காலம். நான் உயர்தரச் சோதனை எழுதிவிட்டுப் புதுக்குடியிருப்பில் சும்மா இருந்தேன். ஒரு நாள் கனடாவிலிருந்து சித்தப்பா கதைத்தார். "பிள்ளை, தண்ணீரூற்றில இருக்கிற வீடு பூட்டிக் கிடந்து பாழாப் போகுது. நல்ல குடும்பமாப் பாத்து வாடைக்குக் குடு. திறப்பு கொப்பாவிட்டை இருக்கு." இந்தச் செய்தி எப்படியோ பரவி, சித்தப்பாவின் கூட்டாளிகளும் தங்கள் வீடுகளை என் தலையில் கட்டினார்கள். ஒன்று எங்கள் ஒழுங்கையில், மற்றது தர்மபுரத்தில். மூன்று வீட்டுத் திறப்புகளையும் ஒரு கயிற்றில் கோர்த்துப் பாவாடையில் ஊசியால் குத்திக்கொண்டேன்.

"வன்னியில எல்லாரும் ஏதோ ஒண்டுக்குப் பொறுப்பாளர்தான்," என்றார் அப்பா. "எங்கடை வீட்டிலயும் ஒராள் வந்திட்டா. எழும்பி நிண்டு கதையுங்கோ."

நான் அதைப் பகிடியாக எடுத்துக்கொள்ளவில்லை. வீடு கேட்டு வருபவர்களைக் கதிரையில் இருத்தி விசாரணை நடத்துவேன். சுவரில் ஆணி அடிப்பீர்களா? மாட்டை எங்கே கட்டுவீர்கள்? மிளகாய்த்தூள் வீட்டுக்குள் வைத்தா இடிப்பீர்கள்? (அப்போது எனக்கு வயது இருபதுகூட ஆகவில்லை. இப்போது நினைத்தால் என்னை நானே ஒரு குட்டுக் குட்டலாம் போலிருக்கிறது.) தர்மபுரத்து வீட்டுக்கு வந்த பாவப்பட்ட மனிதர் ஒருவர், "தங்கச்சி, பெண் எடுக்கேக்கைகூட இவ்வளவு கேள்வி கேக்கேல்லை," என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார்.

தண்ணீரூற்று வீட்டுக்கு வந்தவர் நிஸார் நானா. முல்லைத்தீவுச் சந்தையில் புடைவை வியாபாரம் செய்தவர். முன்பொரு காலத்தில் மற்ற முஸ்லிம் மக்களோடு ஊரைவிட்டுப் போகவேண்டி வந்து, புத்தளத்தில் பல வருடம் அகதியாக இருந்துவிட்டு, மனைவி பரீதா ராத்தாவோடும் பிள்ளைகளோடும் திரும்பி வந்துகொண்டிருந்தார். அவருடைய சொந்த வீடு அதே ஊரில்தான் இருந்தது, சுவர் மட்டும். கூரை போடும்வரை இருக்க ஓர் இடம் வேண்டும். மாரி வேறு வந்துகொண்டிருந்தது. என் எல்லாக் கேள்விக்கும் அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். "நான் சொல்லீட்டன் நானா, இனி அது உங்கடை வீடு," என்று வாக்குக் கொடுத்தேன். அந்த ஒரு சொல்லை நம்பி அவர் புத்தளத்தில் இருந்த குடிசையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தார்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். சித்தியின் ஊர்தான் தண்ணீரூற்று. அவவின் தமக்கை மலர் பெரியம்மா அந்த வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தா. ஆனால் அவர்களுக்கும் எங்களுக்கும் கதை பேச்சு இல்லை. சித்தப்பாவின் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பந்திக்கு வந்தபோது பாயாசம் முடிந்துவிட்டதாம். நான் பிறக்க முதல் முடிந்த பாயாசம். அதற்காக எங்கள் அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தா. அதனால் அந்த வீட்டைப் பற்றி மலர் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. என்னிடம் இருந்தது முன் கதவுத் திறப்பு மட்டும் என்பதும், குசினிக் கதவுத் திறப்பு வேறு யாரிடமோ இருக்கவேண்டும் என்பதும்கூடத் தோன்றவில்லை. முன் கதவு இருக்கும்போது பின் கதவை யார் தேடுவார்?

குடிபுக நாள் பார்த்தது அம்மா. "ஆர் இருந்தாலும் வீடு எங்கடை. நேரம் பாத்துத்தான் திறக்கோணும்," என்று வாக்கிய பஞ்சாங்கத்தை விரித்தா. நிஸார் நானாவும் "உங்கட வழக்கம் எப்பிடியோ அப்பிடியே செய்வம்," என்றுவிட்டார். எங்கள் நாட்டில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் ஒத்துப்போவதென்பது மாமியும் மருமகளும் ஒத்துப்போவது மாதிரி. அந்த மாதம் பார்த்து இரண்டும் ஒரே நாளை, ஒரே காலை நேரத்தைச் சொல்லியிருந்தன. அது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

குறித்த நாளில் நான் புதுக்குடியிருப்பிலிருந்து முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். வீட்டு வாசல் படலையில் லொறி நின்றது. பிள்ளைகள் பாய்க்கட்டுகளின் மேல் இருந்தார்கள். கைக்குழந்தையை நானாவிடம் கொடுத்துவிட்டு, பரீதா ராத்தா விறாந்தையைக் கழுவுவதற்குக் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வைத்திருந்தா. நான் நல்ல நேரம் வரும்வரை மணிக்கூட்டைப் பார்த்து நின்று, பெரிய மனிசி மாதிரி திறப்பைச் சுழற்றிக் கதவைத் தள்ளினேன்.

உள்ளேயிருந்து புகை வந்தது.

பூட்டிக் கிடந்த வீடு. என் பொறுப்பில் இருந்த வீடு. குசினிப் பக்கமிருந்து கும்மென்று கரும்புகை. எனக்கு மூளை நின்றுவிட்டது, கால் மட்டும் ஓடியது. "நெருப்பு! வீடு எரியுது!" என்று கத்திக்கொண்டு ராத்தாவின் வாளியைத் தூக்கினேன். கூடத்தைத் தாண்டி, குசினி வாசலில் நின்று, புகைக்குள் செம்மஞ்சளாகத் தெரிந்த இடத்தைக் குறிபார்த்து முழு வாளியையும் வீசினேன். என் வாழ்க்கையில் நான் குறி தப்பாமல் எறிந்தது அந்த ஒரு முறைதான்.

புகை அடங்கியதும் ஆட்கள் தெரிந்தார்கள். மூன்று கல் வைத்த அடுப்பு. அதில் மாவிலையும் இஞ்சியும் மஞ்சளும் கட்டிய புதுப் பானை. பானையில், பொங்குவதற்கு ஒரு கணம் இருந்த பால், இப்போது அரைவாசி கிணற்றுத் தண்ணீர். அதற்கு முன்னால் பட்டு வேட்டியோடு, கையில் கற்பூரத் தட்டோடு, மூக்கு நுனியிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு மனிதர். பக்கத்தில் கூறைச் சேலையில் அவர் மனைவி. இருவருக்கும் பின்னால், குசினிக் கதவுத் திறப்பு தொங்கிய இடுப்பில் கை வைத்தபடி மலர் பெரியம்மா. பின் முற்றத்தில், பின் ஒழுங்கையால் வந்த ஓர் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சாமான்.

முதலில் வாய் திறந்தது நனைந்தவர்தான். "கற்பூரம் நூந்திட்டுது," என்றார், அணைந்த தட்டைப் பார்த்தபடி.

"எடியே, ஆரடி நீ?" என்றா பெரியம்மா. பிறகு கிட்ட வந்து என் முகத்தைப் பார்த்தா. "புதுக்குடியிருப்பாற்றை பெட்டையெல்லோ! பால் காய்ச்சிற அடுப்பிலையோ தண்ணி ஊத்திறது? பாயாசத்துக்குப் பழி வாங்க வந்தனியோ?"

"பெரியம்மா, இந்த வீட்டை நான் நிஸார் நானாவுக்குக் குடுத்திட்டன். சித்தப்பா சொன்னவர்."

"சித்தப்பாவோ? அவர் ஆர் சொல்ல? எங்கடை அப்பு தங்கச்சிக்குச் சீதனமாக் குடுத்த வீடு இது. அவள் என்னட்டைச் சொன்னவள். நான் சிவபாதம் மாஸ்ரருக்குக் குடுத்திட்டன். திருக்கணிதத்தில நேரமும் பாத்தாச்சு."

எங்கள் பக்கத்தில் சீதன வீடு என்றால் அது பெண்ணுடையது. மாப்பிள்ளை அதில் இருக்கலாம், ஓடு மாற்றலாம், கிணறு இறைக்கலாம். ஆனால் அதைப் பற்றி உத்தரவு போட முடியாது. இது தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். மிளகாய்த்தூள் வரை விசாரித்த நான் கேட்காத ஒரே கேள்வி, வீடு சித்தப்பாவினதா சித்தியினதா என்பதுதான்.

மாஸ்ரர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். இருந்த இடத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். நானாவும் அப்படியே. வீடு ஒன்று. கூடத்து வாசலில் நிஸார் நானா குழந்தையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "பரவாயில்ல தங்கச்சி," என்றார் மெதுவாக. "நீங்க அழாதீங்க. நாங்க எங்கயாவது பாத்துக்கொள்ளுவம்." எங்கேயும் பார்க்க இடமில்லை என்பது எனக்குத் தெரியும். என்னை ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் "பரவாயில்ல"வுக்குத்தான் நான் வாய்விட்டு அழுதேன்.

"நேரம் போகுது," என்றார் மாஸ்ரர் நடுங்கியபடி. அவருடைய மனைவி புவனம் அக்காவுக்கும் கண் கலங்கியிருந்தது. நூந்த அடுப்போடு குடிபுகுந்தால் அந்த வீட்டில் எப்படி நித்திரை வரும்? பெரியம்மாவின் பசுவோ காலையிலேயே கறந்து முடிந்துவிட்டது. ஊர்க் கடைகளில் தூளில் கரைக்கும் மாப்பால்தான் கிடைக்கும்.

அப்போது பரீதா ராத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தா. கையில் ஒரு போத்தல். "இது சின்னவளுக்கு வழியில வாங்கின பசும்பால். இன்னும் வாய் வைக்கேல்ல. இதைக் காய்ச்சுங்க," என்றா.

புவனம் அக்கா இரண்டு கையாலும் அந்தப் போத்தலை வாங்கினா. நானா லொறியிலிருந்து காய்ந்த பொச்சுமட்டை கொண்டுவந்தார். மாஸ்ரர் ஊதினார், நானா விசிறினார், நல்ல நேரம் முடிவதற்குள் பால் பொங்கி வழிந்தது. முதல் வாய் சின்னவளுக்கு. பிறகு எல்லோரும் குடித்தோம். எனக்குத் தந்தபோது பெரியம்மா வாளியைக் காலால் தள்ளி எட்ட வைத்தா.

குடித்த பிறகு மாஸ்ரர் மெல்லக் கேட்டார். "அப்ப, இனி என்ன மாதிரி?"

பெரியம்மா யோசித்தா. "அடுப்பு உங்கடை, பால் அவையின்ரை. பால் பொங்கின வீட்டிலையிருந்து பாலுக்குரியவனை எழுப்பேலாது, அடுப்புக்குரியவனையும் எழுப்பேலாது. ரெண்டு பேரும் குடிவந்தாச்சு. வா பெட்டை, கனடாவுக்கு எடுப்பம்."

தொலைபேசிக் கடைக்குப் போய் எடுத்தபோது கனடாவில் இரவு. முதலில் கதைத்தது சித்தப்பா. "நீங்கள் படுங்கோ, தங்கச்சியிட்டைக் குடுங்கோ," என்றா பெரியம்மா. முழுக்கதையையும் சொல்லிவிட்டு, தூக்குக்குப் போகிறவளிடம் கயிற்றைக் கொடுப்பதுபோல ரிசீவரை என்னிடம் நீட்டினா.

சித்தி, "பால் எந்தப் பக்கம் பொங்கினது?" என்று கேட்டா.

"கிழக்குப் பக்கம், சித்தி."

"அப்ப ஏனடி அழுகிறாய்?"

அதைவிட நிம்மதியான ஒரு வசனத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. அந்த மாரி முழுக்க முன்பக்கம் நானா குடும்பமும் பின்பக்கம் மாஸ்ரர் குடும்பமும் இருந்தார்கள். தை பிறந்ததும் நானாவின் வீட்டுக்குக் கூரை ஏறியது. அந்தப் பொங்கலுக்குப் பெரியம்மா எங்கள் வீட்டுக்கு ஒரு வாளி நிறையப் பாயாசம் கொடுத்தனுப்பினா. அம்மா இரண்டு தரம் வாங்கிக் குடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு," என்றா. அதோடு இரண்டு வீட்டுக்கும் கதை பேச்சுத் தொடங்கிவிட்டது.

பிறகு சண்டை மறுபடி வந்த வருடங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியும். தண்ணீரூற்று வீட்டுக்குக் கூரையும் போனது, இரண்டு கதவுகளும் போயின. ஆனால் அன்று அந்தக் குசினியில் நின்றவர்கள் அத்தனை பேரும் உயிரோடு மீண்டார்கள். அதை எழுதும்போது இப்போதும் எனக்குப் பெருமூச்சு வருகிறது.

நான் வீடு பார்க்கும் தொழிலை விட்டுவிட்டேன். ஆனால் எங்கள் குடும்பத்தில் யார் குடிபுகுந்தாலும், நான் படலைக்குள் வரும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்: "அவ வாறா, வாளியளை எடுத்து ஒளியுங்கோ!" என் கணவர்தான் அதிகம் கத்துவார். போன வருடம் நிஸார் நானாவின் மகள், அந்தப் பாலுக்குரிய சின்னவள், புது வீட்டுக்குப் போனாள். "எங்கட வீட்டிலயும் பால் காய்ச்சிறது பழகிப் போச்சு. நீங்கதான் வந்து காய்ச்சோணும்," என்று கூப்பிட்டாள். நெகிழ்ந்துபோய்ப் போனேன். அடுப்படியில் இருந்து திரும்பிப் பார்த்தால், நரைத்த தாடியோடு நானா கிணற்றடியில் கதிரை போட்டு இருக்கிறார். வீட்டிலிருந்த வாளிகள் எல்லாம் அவர் காலடியில். "நீங்க காய்ச்சுங்க தங்கச்சி," என்றார். "நான் இதுகளைப் பாத்துக்கொள்ளுறன்."