சத்தமில்லாத சைலன்சரும் மூன்றாவது ஓலையும்

சேசு மரி சூசை

தூத்துக்குடி,
16-5-1974

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மைத்துனன் தேவபிரசாதத்துக்கு அத்தான் வில்பிரட் பர்னாந்து ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் உன் அக்காள் ஞானசௌந்தரியும் மகள் மதலேனும் தேகசுகத்தோடு இருக்கிறோம். நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, ஞாயிறு பூசை தவறாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். என் மானம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்காதே. அது கப்பலேறிவிட்டது. ஏற்றிவிட்டது நீ அனுப்பிய சைலன்சர்.

கிறிஸ்மஸ் லீவில் வந்தபோது நம் கறுப்புக் காரைப் பார்த்தாய், பார்த்ததைவிட அதிகமாகக் கேட்டாய். கம்பெனித் துரை சீமைக்குப் போகும்போது தலைமைக் குமாஸ்தாவான என்னிடம் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. ரிட்டயரான மனுஷனுக்கு மிஞ்சுவது மரியாதை ஒன்றுதான், என் மரியாதை அந்தப் புகைக்குழாய் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. முத்தையாபுரம் தாண்டி நான் கியர் மாற்றினால் இங்கே உன் அக்காள் உலை வைப்பாள். தெருவில் காயப்போட்ட கருவாட்டை அள்ளிக்கொண்டு "வில்பிரட் அண்ணாச்சி வாராவ" என்று வழிவிடுவார்கள். அந்தப் பழைய சைலன்சர் ஒருநாள் நடுரோட்டில் கழன்று விழுந்து, பின்னால் வந்த உப்பு லாரி அதன்மேல் ஏறிப் போய்விட்டது. உனக்குச் சொல்லியனுப்பினேன். நீயும் பெரிய மனசு பண்ணி சிங்கப்பூர்ச் சரக்காக அனுப்பினாய். நம் லாஞ்சு மெக்கானிக் ஆவுடையப்பன்தான் பூட்டினான். கடலில் ஓடுவதை ரிப்பேர் பார்க்கிறவனுக்குத் தரையில் ஓடுவது எம்மாத்திரம் என்று அவனே சொன்னான், நானும் நம்பினேன்.

பூட்டி முடித்ததும் ஸ்டார்ட்டரை இழுத்தேன். சத்தத்தைக் காணோம். மறுபடி இழுத்தேன். உள்ளே எதுவோ பல்லைக் கடித்த மாதிரி கரகரவென்றது. ஆவுடையப்பன் ஓடிவந்து, "அண்ணாச்சி, இஞ்சின் ஓடிக்கிட்டுல்லா இருக்கு! ஓடுற இஞ்சின எதுக்குப் போட்டு இழுக்கிய?" என்றான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. குழாய் வாயில் கையை வைத்துப் பார்த்தான். "காத்து வருது. சத்தந்தான் வரல" என்றான். பிளக்கைக் கழற்றித் துடைத்தான், கார்புரேட்டரை ஊதினான், கடைசியில் குழாயில் காதை வைத்துக் கேட்டுக் கன்னத்தைச் சுட்டுக்கொண்டான். "அண்ணாச்சி, வண்டியில ஒரு குத்தமும் இல்ல, அதான் குத்தம்" என்று தீர்ப்பும் சொன்னான். அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்தபோது உலை வைக்கவில்லை. உன் அக்காள் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள், நான் வந்ததே தெரியாதாம்.

சோறு போனால் போகிறது. என் கவலை மதலேன் கல்யாணம். வீரபாண்டியன்பட்டினத்து ரோச்சின் மகனுக்கு அவளைக் கேட்டுப் பேச்சு நடக்கிறதே, உனக்குத் தெரியும். பையன் தங்கமான பையன். நம் பிள்ளைக்கும் அந்த இடம்தான் பிடித்திருக்கிறது என்று உன் அக்காள் சொன்னாள். ஆனால் ரோச் பிடிகொடுக்கவில்லை. சொந்தத்தில் தோணி வைத்திருந்தும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வருகிற எளிமையான மனுஷர். ஒவ்வொரு தடவையும் காபியைக் குடித்துவிட்டு, "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று எழுந்துவிடுவார். நான் விடுவேனா? காரில் ஏற்றி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோய் விடுவேன். வழியெல்லாம் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "இது லிட்டருக்கு எத்தன மைலுவே ஓடும்? பெட்ரோலு இப்ப விக்கிற வெலையில..." என்று கேட்டுக்கொண்டே வருவார். வண்டியின் அருமை தெரிந்த மனுஷர் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த நேரத்தில்தான் உன் சைலன்சர் வந்து சேர்ந்தது. சத்தமில்லாத காரில் போனால் ஆடுகூட விலகவில்லை. சரியென்று போகிற வழியெல்லாம் ஹாரனை அடித்தேன். பாட்டரி படுத்துவிட்டது. உப்பளத்து ஆட்கள் இரண்டு பேரைப் பிடித்து, ஆவுடையப்பன் கொட்டகைக்குத் தள்ளச் சொன்னேன். அவர்கள் சரியாக எதிர்வீட்டு அந்தோணியம்மாள் வாசல் வழியாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் ரோச்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை. காலையில் இவள் தும்மினால் சாயங்காலம் வீரபாண்டியன்பட்டினத்தில் மருந்து அரைப்பார்கள். பெட்ரோல் விலை ஏறினதிலிருந்து ஊரில் கார் வைத்திருந்தவனெல்லாம் விற்றுக்கொண்டிருக்கிறானா, நம் காரும் போய்விட்டது என்று பேச்சாகிவிட்டது. இது தெரியாமல் நான் இருக்க, அந்த வாரமே ரோச் தானாகக் கிளம்பி வந்தார். காலியான கார் ஷெட்டை எட்டிப் பார்த்தார். "என்னவே வில்பிரட்டு, சத்தத்தையே காணும்? நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு" என்று இன்னொரு காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ஈஸ்டர் கழிந்ததும் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்து ஊருக்கு அறிவிக்கக் கொடுத்துவிடலாம் என்றார். நான் உன் அக்காளைப் பார்த்து, "பாத்தியா, மனுஷன் தராதரத்துக்கு மரியாதை வரத்தான் செய்யும்" என்றேன்.

முதல் ஓலை வாசித்தாயிற்று, இரண்டாவதும் வாசித்தாயிற்று. கல்யாணச் செலவுக்கு நடுவே பாட்டரி வாங்கக் கை வராமல் கார் ஆவுடையப்பன் கொட்டகையிலேயே கிடந்தது. இன்னும் ஒரு ஞாயிறு, மூன்றாவது ஓலைக்கும் யாரும் தடை சொல்லாவிட்டால் தாலிதான். அப்போதுதான் அந்தோணியம்மாள் வந்து உன் அக்காளிடம், "ஏளா, காரு என்ன வெலைக்குப் போச்சு? ரோச்சு அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன், அவுக மெள்ளத் தலைய ஆட்டுனாவளா" என்றாள். யோசித்துப் பார் மச்சான். காரை விற்றுத் தின்கிற நிலைமைக்கு வந்தவன் வீட்டில் அந்த மனுஷர் சம்பந்தம் வைப்பாரா? நானாகப் போய் "எனக்குக் கார் இருக்கு" என்று சொன்னால் அதில் மரியாதை உண்டா? அதைக் கார்தான் சொல்ல வேண்டும். மதலேன் மட்டும், "அப்பா, சத்தம் வேண்டாம்ப்பா, நல்லாத்தான இருக்கு, சும்மா இருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்யாணப் பெண்ணுக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவுடையப்பன் பாட்டரியை மாற்றிவிட்டு, சைலன்சரில் முதலில் ஓட்டை போட்டான். "உஸ்ஸ்ஸ்" என்று வந்தது. கோயிலில் பேசுகிற பிள்ளைகளை உபதேசியார் அடக்குவாரே, அந்த உஸ். நான் போகிற தெருவெல்லாம் ஜனங்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், காரை மட்டும் பார்க்கவில்லை. அதைச் சொன்னதும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சைலன்சரைக் கழற்றிக் கடாசிவிட்டு, கொட்டகையில் கிடந்த ஒரு பழைய லாஞ்சின் புகைக்குழாயை எடுத்து வைத்துப் பற்றவைத்துவிட்டான். "இப்ப இழுங்க அண்ணாச்சி" என்றான். இழுத்தேன். மச்சான், என்னத்தைச் சொல்ல, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டபுடபுடபு என்று கொட்டகைத் தகரமெல்லாம் ஆடியது. பழைய சத்தத்துக்கு அப்பன் சத்தம்.

ஞாயிற்றுக்கிழமை உன் அக்காளையும் மதலேனையும் பூசைக்கு முன்னால் அனுப்பிவிட்டேன். பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலை வாசிக்கிற நேரம் பார்த்து நான் காரில் போய் இறங்க வேண்டும், ஓலை கேட்க நம் கோயிலுக்கு வருகிற ரோச் காதில் இரண்டும் சேர்ந்து விழ வேண்டும், இதுதான் திட்டம். பூசைக்குப் பிந்துவது பாவம்தான், அதைப் பாவசங்கீர்த்தனத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஆனால் ஒன்றை மட்டும் நான் நினைக்கவில்லை, ஆவுடையப்பனும் நினைக்கவில்லை. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எவனும் கடலுக்குப் போகக்கூடாது. லாஞ்சுச் சத்தமே கேட்கக்கூடாத நாள் அது.

உள்ளே சாமியார், "வில்பிரட் பர்னாந்து மகள்..." என்று ஆரம்பித்திருக்கிறார். வெளியே நான் டபுடபுவென்று கடற்கரை ரோட்டில் திரும்பினேன். பின்வரிசையில் நின்ற ஆம்பளைகளில் ஒருவன், "எவம்லே அது, கர்த்தருடைய நாள்ல லாஞ்ச எடுத்தவன்?" என்று கத்தினானாம். அவ்வளவுதான். ஆம்பளைகள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிடித்துக் கட்டிவைக்கக் கரைக்கு ஓடினார்கள். "போனவன் ஊருக்குத் துரோகி, வந்த மீனு என்ன பாவஞ் செஞ்சுது?" என்று வியாபாரம் பண்ணுகிற பொம்பளைகள் பின்னாலேயே ஓடினார்கள். கரையில் எல்லா லாஞ்சும் கட்டின இடத்தில் கிடந்தன. நான் கோயில் வாசலில் இறங்கியபோது உள்ளே மிச்சம் இருந்தது சாமியார், நம் வீட்டுப் பொம்பளைகள், ரோச். "ஓலைய ஒருத்தரும் கேக்கல வில்பிரட். அடுத்த ஞாயிறு மறுபடியும் வாசிக்கணும். உம்ம கார் இல்லாம" என்றார் சாமியார். ரோச் வெளியே வந்து காரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "காரு இருக்கா?" என்றார். "இருக்கு, இருக்கு!" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

இத்தனைக்கும் காரணம் உன் சைலன்சர் ஒழுங்கான சத்தம் போடாததுதான். ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் வேறொன்று அனுப்பவும். உஸ் என்றும் வேண்டாம், லாஞ்சு மாதிரியும் வேண்டாம். ஒரு கனவான் வருகிறார் என்று நாலு வீட்டுக்கு முன்னால் தெரிகிற அளவுக்கு நடுத்தரமான சத்தம் போதும். கடைக்காரனிடம் வாயால் சொல்லாதே, ஒரு வண்டியில் பூட்டச் சொல்லி, சத்தத்தைக் கேட்டு வாங்கு. வேலையும் உடம்பும் பத்திரம். பனிமய மாதா உன்னைக் கைவிடாமல் காப்பாளாக. உன் அக்காள் முத்தமும், மதலேன் தோத்திரமும் சொல்லச் சொன்னார்கள். (மதலேன் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.)

இப்படிக்கு உன் அத்தான்,
வில்பிரட் பர்னாந்து

பி.கு.: இது தபாலில் சேராமல் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. மேலே எழுதினதெல்லாம் தள்ளுபடி. சைலன்சர் அனுப்ப வேண்டாம். அன்றைக்கு இந்தக் கடிதத்தை உன் அக்காளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். மதலேன் உள்ளேயிருந்து வந்து, "கார வித்தாச்சுன்னு அந்தோணியம்மா அத்தகிட்டச் சொன்னதே நான்தாம்ப்பா. சத்தமே வராத சைலன்சரா வாங்கி அனுப்பச் சொல்லி சிங்கப்பூர் மாமாகிட்டக் கேட்டதும் நான்தான். காருக்குத் தீனி போடுற வீட்டுல பொண்ணெடுத்தா அவ என் தோணியையும் பெட்ரோலாக் குடிச்சிருவான்னு ரோச்சு மாமா சொன்னாவளாம்" என்று அழுதாள். வளர்ந்தபிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா?" என்றேன். "அந்தச் சத்தம் கேட்டாத்தான ஒங்க மொகத்துல சிரிப்பே வருது, எப்படிச் சொல்ல?" என்றாள். நீயும் அவளோடு கூட்டு, அதை நேரில் பேசிக்கொள்கிறேன். காரை நேற்று ஆவுடையப்பனுக்கே கொடுத்துவிட்டேன். வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் பொய். கொடுத்த கையோடு டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே வீரபாண்டியன்பட்டினம் போனேன். பஸ்ஸிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்ததும் ரோச் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். வருகிற ஞாயிறு மறுபடியும் மூன்றாவது ஓலை.

மறு பி.கு.: ஒன்று விட்டுப்போயிற்று. திரும்பும்போது ரோச் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மெள்ளச் சொன்னார்: "மாப்பிள்ள ஊர்வலத்துக்கு ஒரு காரு வேணும்லாவே. வாங்குனவன்கிட்டச் சொல்லி ஒரு நாளைக்கு இரவல் வாங்கிரும். பெட்ரோலு உம்ம செலவு. அந்தக் கொழாயக் கழத்தீராண்டாம், ஊருக்குக் கேக்கணும்லா." நான், "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.